மருத்துவச்சியும் பச்சைப் பிள்ளையும்

பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டு என்பதாக நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருந்து வருகின்றது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் இதை அறியாத ஊர் கிடையாது. நாள் கணக்கு வைத்துத் தாயையும் பிள்ளையையும் காற்றும் வெளிச்சமுமற்ற மூலையில் ஒதுக்குவதும், அந்த மூலைக்குள் புகுந்து பேறு பார்த்த நாவிதர் குலத்து மருத்துவச்சியைத் தொட்டால் தலைமுழுக வேண்டுமென்பதும் பெரியோர் வழக்கமாம். பெற்றவள் தீட்டு, பிறந்தது தீட்டு, கையேந்தி எடுத்தவள் எல்லாவற்றிலும் பெரிய தீட்டு. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து சம்பாதிக்கும் பணத்துக்கு மாத்திரம் தீட்டில்லை!

திருச்சிராப்பள்ளியில் தாயுமானவர் என்றொரு சுவாமி உண்டு. காவிரியில் வெள்ளம் வந்து தாயார் வந்துசேர முடியாமற் போகவே, சிவனே தாய் வேஷம் போட்டுவந்து ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தாராம். ஒரு பிரசவம் பார்த்த சிவனுக்கு மலைமேல் கோயில். ஆயுள் முழுதும் அதே வேலை பார்த்தவளுக்கு ஊர்க்கோடியில் குடிசை. சிவனுக்கு ஒட்டாத தீட்டு இவளுக்கு மட்டும் ஒட்டிய மர்மம் என்ன? ஆஸ்திகர்கள் பதில் சொல்லட்டும்.

இந்த இழிவினால் நஷ்டமடைந்தவள் மருத்துவச்சி மட்டுமல்ல. அவளுக்குப் படிப்பில்லை, சுத்தமான கத்தியில்லை, கூலியும் சரியாக இல்லை. அழுக்குக் கத்தியால் அறுத்த தொப்புள் வழியே விஷக்கிருமி ஏறி, ஏழெட்டு நாளில் பிள்ளை வாய் திறவாமல் விறைத்துச் செத்தது. பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள், ஜாதகதோஷம் என்றார்கள். கர்ப்பிணிக்கு ஊசியும், சுத்தமான கையும், புது பிளேடும் வந்த பிறகு அந்தப் பேய் எங்கே ஓடிற்று? பச்சைப் பிள்ளைகளைக் கொல்லும் அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டிவிட்டதென்று 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. இதில் எந்தக் கோடாங்கிக்கும் பங்கில்லை.

இப்போது எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தானே, இனி என்ன குறை என்று சிலர் கேட்கலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. சந்தோஷமே. ஆனால் அதே கணக்கு வேறொன்றும் சொல்லுகிறது. ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு வயதுக்குள் சுமார் 19 சாகின்றன. அவற்றில் சுமார் 13 முதல் 28 நாளுக்குள்ளேயே சாகின்றன. அதாவது, தீட்டென்று நாம் கதவைச் சாத்தி வைக்கிற அதே நாட்களில்! ஆஸ்பத்திரியிலிருந்து சில நாளில் வீடு திரும்பும் பிள்ளையை அதற்குப்பின் பார்ப்பவர் யார்?

பார்க்க வேண்டியவள் மருத்துவச்சி. அந்த வேலை இன்று குலத்தொழிலல்ல. 1926-ம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டத்திலிருந்தே அது படித்துப் பதிவு செய்துகொள்ளும் தொழில். இங்கிலாந்தில் பிள்ளை பிறந்த 72 மணி நேரத்துக்குள் கண், இருதயம், இடுப்பு மூட்டு, ஆண் பிள்ளையானால் விதை ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். தனிப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியே இதைச் செய்யலாம். இங்கிலாந்து பணக்கார நாடு என்பீர்களானால், மராட்டியத்தின் கட்சிரோலியைப் பாருங்கள். டாக்டர் அபய் பங்கும் அவர் துணைவியார் ராணி பங்கும் கொஞ்சம் படித்த கிராமத்துப் பெண்களைப் பழக்கி வீடுவீடாக அனுப்பினார்கள். மூன்றாம் வருஷத்தில் பச்சைப் பிள்ளைச் சாவு நூற்றுக்கு 62 பங்கு குறைந்ததென்று 1999-ல் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று.

சோதனையில் மாயமொன்றுமில்லை. வெளிச்சத்தில் துணியை முழுதும் விலக்கிப் பார்ப்பது, நிறுப்பது, மூச்சை எண்ணுவது, தொப்புளில் சீழ் உண்டா, உள்ளங்கால் மஞ்சளா, கைகால் சில்லிட்டதா, பால் குடிக்கிறதா என்று பார்ப்பது. சும்மாயிருக்கும் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கண்மணி வெளுத்திருந்தால் சில வாரங்களுக்குள் கவனிக்க வேண்டும். தவறினால் பார்வை போகும். ஜாதகத்துக்காகப் பிறந்த நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிக்கும் தகப்பன், மூச்சை எண்ண ஒரு நிமிஷம் அதே கடிகாரத்தைப் பார்க்கக் கூடாதா?

ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டுமென்று சர்க்கார் விதியே இருக்கின்றது. நம் கிராமங்களில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில் விழுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணி, கணக்குப் புத்தகம் எல்லாம் அவருக்கே. காரையாறுக்கு மேலே காட்டிலிருக்கும் காணிக் குடிகளுக்கும் அதே ஆறு நாள்தான். காலியிடமிருந்தால் நிரப்புவதும், எழுத்து வேலையைக் குறைத்து நடக்க நேரம் தருவதும் சர்க்காரின் கடமை.

நம் கடமை அதனினும் சுலபமானது. வந்தவரை என்ன ஜாதியென்று கேளாமல் உள்ளே விடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்து சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பதையும், மூக்கில் எண்ணெய் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். படவேண்டிய கண் படாததால்தான் பிள்ளைகள் சாகின்றன. அந்தக் கண் மருத்துவச்சியின் கண். கதவைத் திறவுங்கள்!