தோன்றா எழுவாய்

"லொறி வேகக்கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் வீழ்ந்தது. சாரதி கைது செய்யப்பட்டார்." எமது பத்திரிகைகளின் பிராந்தியச் செய்திகளை வாசிப்போருக்கு இவ்விரு வாக்கியங்களும் மனப்பாடமாகியிருக்கும். இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் இவற்றைச் சற்றே பகுத்துப் பார்ப்போம். முதல் வாக்கியத்திற்கு எழுவாய் லொறி, இரண்டாவதற்குச் சாரதி. லொறியின் பிறேக்கைத் திருத்தாது ஓட்டத்திற்கு அனுப்பியவர் எந்த வாக்கியத்திலும் இல்லை. தோன்றா எழுவாய் என்று நாம் வகுப்பறையிற் சொல்லிக்கொடுப்பது மொழியின் இயல்பொன்றை. இங்கு அது ஒரு வர்க்கத்தின் வசதி.

எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை கனரக லொறிச் சாரதி. மேலேறும்போது சீமெந்தும் உரமும், கீழிறங்கும்போது கரட்டும் கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர். ஆயிரம் மீற்றருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கும் வீதி அது. மகனின் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட வந்தவரிடம் தொழில் எப்படியென்று கேட்டோம். "காத்து இறங்குது சேர். ரெண்டு கிழமையா முதலாளிக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கேன். இந்த ஒரு ட்ரிப்பப் போயிட்டு வா, பார்ப்போம்னு சொல்றாரு" என்றார்.

"காற்று இறங்குகிறது" என்பதன் பொருளை அறியாதவர்கள் இக்கூற்றின் பயங்கரத்தை உணரமாட்டார்கள். கனரக லொறிகளின் பிறேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. எஞ்சினால் இயங்கும் கொம்பிரசர் தாங்கிகளிற் காற்றை அடைத்துவைக்கிறது. சாரதி மிதிக்கும்போது அக்காற்று பாய்ந்து பிறேக் லைனரைச் சில்லின் ட்ரம்மோடு அழுத்துகிறது. நீண்ட இறக்கத்தில் ஓயாது அழுத்தப்படும் லைனர் கொதித்துப் பிடிமானத்தை இழக்கிறது. பிடிமானம் குறையக் குறையச் சாரதி மீண்டும் மீண்டும் மிதிக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் காற்றுச் செலவாகிறது. குழாயிலோ இணைப்பிலோ கசிவுமிருந்தால் அச்செலவைக் கொம்பிரசரால் ஈடுசெய்ய முடியாது. சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆயினும் எக்ஸோஸ்ட் பிறேக் செயலிழந்து, அளவுக்கு மிஞ்சிய பாரமும் ஏற்றப்பட்ட வண்டியில் அந்த உபாயம் எவ்வளவு தூரம் உதவும்? ஆகவே "கட்டுப்பாட்டை இழந்தது" என்று பத்திரிகை எழுதும் அந்த ஒரு கணம், உண்மையில் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிட்ட ஒரு கணமாகும். அதனை முதலில் அறிந்தவர் சாரதி. சொன்னவரும் அவரே.

சாரதிகள் யாவரும் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை உருளவிடுவோரும் உளர். குடித்துவிட்டு ஓட்டுவோரும் உளர். அவர்களைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் மிச்சமாகும் டீசல் யாருடைய கணக்கிற் சேருகிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

முதலாளிமாரின் மறுமொழி எமக்குத் தெரியாததன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அது பரவலாகத் தளர்த்தப்பட்டது. இடையில், 2022இல், ரூபாய் வீழ்ந்தது. உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின. இவையெல்லாம் உண்மை. லீசிங்கில் ஒற்றை லொறியை வாங்கிவிட்டு மாதத் தவணைக்கு அஞ்சி வாழும் சிறு சொந்தக்காரரைப் பெரு முதலாளியோடு ஒரே தராசில் நிறுக்கவும் நாம் முற்படவில்லை. கூலியைக் குறைத்துப் பேசும் மொத்த வியாபாரி அவர் கழுத்தையும் நெரிக்கிறான். எனினும் இச்சங்கிலி முழுவதிலும் எல்லோருடைய நட்டமும் கடைசியில் ஒருவர் தலையிலேயே வந்து விழுகிறது. அவர் ட்ரிப்புக்குக் கூலி பெறுபவர். வண்டி கராஜில் நின்றால் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது. தம் உயிருக்காகப் பேசினால் தம் சோற்றை இழக்க வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, "ஏன் ஓட்டினாய்?" என்று நீதிமன்றத்தில் அவரைக் கேட்பது எத்தகைய நீதி?

ஆண்டுக்கொரு முறை பெறப்படும் தகுதிச் சான்றிதழைச் சிலர் எடுத்துக் காட்டுவர். சான்றிதழ் அந்த ஒரு நாளின் உண்மையையே சொல்லும். எஞ்சிய நாட்களில் லைனர் தேய்வதை நாள்தோறும் பரிசோதிக்கும் ஒரே அதிகாரி சாரதியின் வலது பாதந்தான்.

ஓட்ட மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கச் சாரதி ஒருவரின் வழக்கு சான்று. பழுதான வண்டியை ஓட்ட மறுக்கும் சாரதியை வேலைநீக்கம் செய்யலாகாது என்று அங்கு 1982ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2009 ஜனவரியில், இலினொய் மாநிலத்தில், கடும் உறைபனி இரவொன்றில், அச்சாரதியின் லொறி வீதியோரம் நின்றுவிட்டது. பின்னிழுவையின் பிறேக் உறைந்து இறுகிவிட்டது; வண்டிக்குள்ளே வெப்பமூட்டியும் பழுது. கம்பெனிக்கு அறிவித்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருந்தார், கால்கள் மரத்தன. பின்னிழுவையை இழுத்துக்கொண்டு போ, அல்லது அங்கேயே இரு என்பதே கிடைத்த உத்தரவு. அவர் பின்னிழுவையைக் கழற்றிவிட்டு முன்வண்டியை ஓட்டிச்சென்று உயிர் தப்பினார். கம்பெனி அவரை வேலைநீக்கியது.

ஏழாண்டுகளின் பின், 2016இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற வகையில் சாரதியின் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி நீல் கோர்சச். சட்டம் காப்பது ஓட்ட 'மறுத்தவரை'. இவரோ 'ஓட்டினார்' என்பது அவர் வாதம். சொல்லின் பொருளைத் துருவிப் பார்ப்பது எமது தொழிலுமாகும். ஆயினும் ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனைப் பனியில் விட்டுவிடும் புலமை எமக்கு வேண்டாம். அடுத்த ஆண்டே அவர் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் அமர்த்தப்பட்டார்.

உலகத் தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சமவாயம், உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடனடியான, பாரதூரமான ஆபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டித்தலாகாது என்கிறது. 2022இல் அது அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. எமது மலைவீதிகளில் அதன் நிழல்கூட விழவில்லை. கடந்த 2025இல் கொத்மலை கரண்டியெல்லவிலும் எல்ல – வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டபோது நாடு கலங்கியது. வாகனப் பரிசோதனை பற்றி எல்லோரும் பேசினர். லொறி வீழ்ந்தால் மாள்பவர் ஒருவர் அல்லது இருவர். அதற்கு நாடு கலங்குவதில்லை.

நாம் கோருவது பெரிதொன்றுமன்று. ஒவ்வொரு கனரக வண்டியிலும் இரட்டைப் பிரதியுள்ள பழுதுப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். சாரதி எழுதட்டும், சொந்தக்காரர் ஒப்பமிடட்டும். வீதியில் மறிக்கும் பொலிஸார் சாரதியின் அனுமதிப் பத்திரத்தோடு அந்த ஏட்டையும் கேட்கட்டும். வண்டி திருத்தத்தில் நிற்கும் நாட்களுக்கும் கூலி உண்டென்று சட்டம் சொல்லட்டும். இது இல்லையேல் முன்னவை யாவும் வெறுங் கடதாசி.

மாணவனின் தந்தையிடம் எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொடுத்து, பழுதுகளைத் திகதியிட்டு எழுதிவைக்கும்படி சொன்னோம். மூன்று கிழமை கழித்துக் கொண்டுவந்து காட்டினார். மகனைவிட எழுத்துத் திருத்தம், நான்கு பதிவுகள், இரண்டு காற்றுக் கசிவு, ஒன்று பின் டயர், ஒன்று ஸ்டியரிங். வலப்புறத்தில் முதலாளியின் ஒப்பத்திற்காக அவரே கோடு கிழித்து ஒதுக்கியிருந்த இடம் நான்கு வரியிலும் வெறுமையாயிருந்தது. "நீட்டினேன் சேர். படிச்சவன் மாதிரி வராதேன்னுட்டாரு" என்றார். அன்றிரவும் அவருக்கு ஓட்டம் இருந்தது.