திண்ணையில் ஒரு தாம்பாளம்

இரண்டு வருடம் முன்பு, கோடை விடுமுறையில், எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் உட்கார வைத்து ஒழுக்கம், நேரம் தவறாமை, தலைமைப் பண்பு என்று முக்கால் மணி நேரம் பேசினேன். மறுநாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவன் என் பேரன். அவனையும் பாட்டி விரட்டி அனுப்பியிருந்தாள்.

தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. நான் வளர்ந்த விதம் அப்படி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'திக்தே' என்று ஒரு பயிற்சி உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுதினால் நல்ல பிள்ளை. பிறகு கிடைத்த குமாஸ்தா உத்தியோகமும் ஒரு நீண்ட திக்தேதான். 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றேன்.

ஒரு முறை ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு வீண் ஆட்சேபணையால் பல மாதம் கிடந்தது. அது வீண் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் அதிகாரியிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் படியேறி இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. படிப்பு இருந்தது, துணிவு இல்லை. அதை எனக்கு யாரும் பழக்கவில்லை.

துணிவைப் பழக்க முடியும் என்று காட்டியவர் பேடன் பவல். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களோடு முகாம் போட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு அதில் இடம் மறுக்கப்பட்டபோது, அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் கண்டார். 1950 நவம்பர் 7-ல் பல அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது.

சாரணர் விளையாட்டு ஒன்றையே நானும் எடுத்துக்கொண்டேன். ஒரு தாம்பாளத்தில் 20 பொருள்கள்: சாவி, மாங்கொட்டை, ஓசூரிலிருந்து மகன் கொண்டுவந்த நட்டு போல்ட், இப்படி. ஒரு நிமிடம் பார்க்கலாம். பிறகு துணியால் மூடிவிடுவேன். அணியாகக் கூடி ஞாபகப்படுத்தி எழுத வேண்டும். தலைவர் தினம் ஒருவர், முறை வைத்து.

மாங்கூழ்த் தொழிற்சாலை வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி. தமிழ் அரைகுறை. அவள் முறை வந்தபோது பையன்கள் முணுமுணுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கையால் காட்டியும் படம் வரைந்தும் 18 பொருள்களை எழுத வைத்தாள். அவள் அணிப் பையன் ஒருவன் துணியைத் தூக்கிப் பார்த்தது எனக்குத் தெரியாது. அவளே வந்து சொல்லி, தன் அணிக்கு இரண்டு மதிப்பெண் குறைத்துக்கொண்டாள். அந்தப் பையன் தலை குனிந்தான். மறுநாளும் வந்தான்.

அன்று எனக்கு அந்தப் பழைய கோப்பு ஞாபகம் வந்தது. நான் எழுந்து போய்ச் சொல்லாததை ஒரு பத்து வயதுக் குழந்தை சொல்லிவிட்டது.

'விளையாட்டிலே நேரம் போனால் மார்க் போகுமே' என்கிறார்கள் பெற்றோர். நாளைக்கு ஓசூரில் வேலைக்குப் போகிற பிள்ளை தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுபவர்களோடு ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் மார்க் ஷீட்டில் வராது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெரியவர் கண் எப்போதும் இருக்க வேண்டும். தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் தனியாகப் போகக்கூடாது என்பது நான் போட்ட ஒரே விதி. மற்றதெல்லாம் அவர்களே பேசி வைத்துக்கொண்டவை.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் கஷ்டமான வேலை ஒன்றுதான்: சும்மா இருப்பது. தாம்பாளம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சாயங்காலம் நமக்கு வேறு என்ன வேலை?