கிலுகிலுப்பைக்கு முத்திரை உண்டு, தொட்டிலுக்கு?

பேரக் குழந்தைக்குத் தொட்டில் வாங்குவதற்காக அண்மையில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். மரத் தொட்டில், ஸ்பிரிங்கில் தொங்கும் இரும்புத் தொட்டில், பக்கத் தடுப்பை இறக்கி ஏற்றும் தொட்டில் என வகைகளுக்குக் குறைவில்லை. ஒன்றின் கம்பிகளுக்கு இடையே என் முஷ்டி எளிதாக நுழைந்தது. அளந்தால் 9 சென்டிமீட்டர். இடைவெளி அதிகமில்லையா என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க, ஐயா" என்றார் கடைக்காரர். அவர்மீது பிழையில்லை, இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அதே தொட்டிலில் கட்டியிருந்த கிலுகிலுப்பையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பால் புட்டியை முறைப்படுத்த 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அறைகலன்களுக்கான ஆணை 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள இனங்கள் ஆறு: பணியிட நாற்காலி, பொது நாற்காலி - முக்காலி, மேசை, அலமாரி போன்ற சேமிப்பு அறைகலன், கட்டில், அடுக்குக் கட்டில். குழந்தைத் தொட்டில் என்று தனி இனம் இல்லை. குழந்தை விளையாடும்போது அருகில் ஒருவர் இருப்பார். உறங்கும்போதுதான் அது தனியாக இருக்கிறது. கண்காணிப்பு குறையும் இடத்தில் சட்டமும் விலகி நிற்கிறது.

கம்பி இடைவெளி சிறு விஷயமன்று. கைக்குழந்தை கால்முன்னாக வழுகும்போது உடல் வெளியேறிவிடும், தலை சிக்கிக்கொள்ளும், கழுத்து நெரியும். இதனால்தான் அமெரிக்கா 1973-இல் வகுத்த விதிகளில் இடைவெளி ஏறக்குறைய 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. குளிர்பான டப்பா கம்பிகளுக்கு இடையே நுழையக் கூடாது என்பது அங்கே பெற்றோர்க்குச் சொல்லப்படும் எளிய சோதனை. இறக்கி ஏற்றும் தடுப்பிலோ திருகுகள் தளர்ந்து பலகை விலகும். மெத்தைக்கும் பலகைக்கும் இடையே குழந்தை சிக்கும். 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு இறந்த பின்னர், 2011 ஜூனில் அத்தகைய தொட்டில்களின் விற்பனைக்கே அங்கு தடை வந்தது. அந்த வகையைத்தான் இங்கே புதுமை என்று எனக்குக் காட்டினார்கள்.

நம் பிள்ளைகள் சேலைத் தூளியில் வளரவில்லையா என்று சிலர் கேட்பர். வளர்ந்தார்கள். பாட்டி கட்டும் தூளிக்குச் சட்டம் வேண்டியதில்லை. ஆனால், காசுக்கு விற்கப்படும் பொருளுக்குப் பொறுப்பு வேண்டும். சிறு தச்சர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் நசுங்கிவிடுவார்கள் என்பது நியாயமான அச்சம். பொம்மை ஆணையில் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு அளித்தார்கள். தொட்டிலில் முழு விலக்கு தகாது. உரிமக் கட்டணத்தையும் ஆய்வுச் செலவையும் குறைத்து, அளவுகளை மட்டும் கண்டிப்பாக்கலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 போதாதா? குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கோர அது வழி செய்கிறது. ஆனால், அளவுகோலே இல்லாத பொருளில் குறையை மெய்ப்பிப்பது எளிதன்று. மேலும், விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்தின் படியேறும் பெற்றோருக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

எனவே, கட்டாயத் தரப் பட்டியலில் குழந்தைத் தொட்டிலை மத்திய அரசு சேர்க்க வேண்டும். அதுவரை, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்மாருக்குக் கம்பி இடைவெளி, இடுக்கின்றிப் பொருந்தும் கெட்டியான மெத்தை, அசையாத தடுப்பு ஆகிய மூன்றையும் அரசு மருத்துவமனைகள் சொல்லி அனுப்பலாம்.

நான் கடையில் வாங்கவில்லை. திண்டிவனத்துத் தச்சர் ஒருவரிடம் 6 சென்டிமீட்டர் என்று சொல்லிச் செய்வித்தேன். பக்கத்துக்கு நான்கு குச்சிகள் கூடுதலாயின, அவ்வளவே. காரணம் கேட்டறிந்தவர், அந்த அளவைப் பட்டறைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சொன்னால் செய்யக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்ல வேண்டியது அரசு.