21,000 ரூபாயில் நிற்கும் இ.எஸ்.ஐ. உச்சவரம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கைக்குழந்தை உள்ள குடும்பங்கள் எதிர்பாராத மருத்துவச் செலவுக்கென்று சில மாதச் சம்பளத்தைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும் என்று நிதி ஆலோசகர்கள் சொல்லி வருகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் திருச்சியை அடுத்த திருவெறும்பூரிலும் துவாக்குடித் தொழிற்பேட்டையிலும் பாரத மிகுமின் (பெல்) நிறுவனத்தின் ஆர்டர்களை நம்பி ஓடும் பட்டறைகளில் வேலை பார்க்கும் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் இதைச் சொல்லும் முன், கையில் இருந்த பாதுகாப்பை அவர்கள் எப்படி இழக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2004-இல் 7,500 ரூபாய், 2006-இல் 10,000, 2010-இல் 15,000, 2017 ஜனவரியில் 21,000 என்று உயர்ந்தது. அதற்குப் பிறகு அசையவே இல்லை. விலைவாசியும் சம்பளமும் ஏற ஏற, இந்த வரம்பு ஒவ்வோர் ஆண்டும் சில தொழிலாளர்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுகிறது.

21,000 ரூபாய் வாங்குபவரிடம் 0.75 சதவீதம், அதாவது 157 ரூபாய் 50 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதமாக 682 ரூபாய் 50 காசு கட்டுகிறார். ஆக மாதம் 840 ரூபாய். இதற்கு அவரும் மனைவியும் குழந்தைகளும் மருத்துவரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம், பரிசோதனை செய்துகொள்ளலாம், உள்நோயாளியாகச் சேரலாம். சிகிச்சைச் செலவு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் கிடையாது. சம்பளம் 21,500 ஆகட்டும். நடப்பு ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் பிடித்தம் நிற்கிறது, அதையொட்டிய பயன் காலம் முடிந்ததும் சிகிச்சையும் நிற்கிறது. 500 ரூபாய் உயர்வுக்கு இவ்வளவு பெரிய விலை! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குப் போகலாம் என்றால், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் இருபத்தோராயிரத்துக்கு மேலே சம்பாதிப்பவர் இரண்டு கதவுக்கும் வெளியேதான் நிற்கிறார்.

தனியார் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். சின்னக் குழந்தைகளின் நோய் அப்படி வருவதில்லை. பால்வாடி வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு தடவை சளி, காய்ச்சல் வருவது இயல்பு என்று குழந்தை மருத்துவர்களே சொல்வார்கள். மூச்சு இழுத்தால் நெபுலைசர், மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனை, பிறகு தினமும் பிளேட்லெட் எண்ணிக்கை, டாக்டர் ஃபீஸ், சிரப். ஒவ்வொன்றும் நூறு, ஐநூறு என்று கையிலிருந்தே போகிறது. சேமிப்பு நிரம்புவதற்குள் வற்றிவிடுகிறது. மேலும், ஒரு குடும்பத்தின் சேமிப்பு அந்தக் குடும்பத்துக்கு வரும் இடியைத் தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறது. பெரிய நோய் எந்த வீட்டுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாததால்தான் பல குடும்பங்களின் சந்தா ஒரே நிதியில் சேர வேண்டும் என்று 1948-இலேயே இ.எஸ்.ஐ. சட்டம் இயற்றினார்கள்.

திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருப்பது உண்மை. அது இல்லையென்றால் இந்த மாவட்டத்து ஏழைகள் என்ன ஆவார்கள் என்று நினைக்கவே முடியாது. ஆனால் துவாக்குடியிலிருந்து இரண்டு பஸ் ஏறி அங்கே போவதென்றால் ஒரு நாள் கூலி போகிறது. இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மருந்து இல்லை, கூட்டம் அதிகம் என்பதும் நியாயமான புகார்தான். குறையைச் சரிசெய்யக் கேட்கலாம், அதையே காரணமாகக் காட்டித் தொழிலாளியை வெளியே அனுப்பக் கூடாது.

வரம்பை உயர்த்தினால் சிறு தொழில்முனைவோருக்குச் சுமை என்பதுதான் கனமான ஆட்சேபம். ஆர்டர் குறைந்த காலத்தில் பட்டறைகள் பட்ட பாட்டை இந்தப் பகுதி அறியும். ஆனால் 2019 ஜூலையில் மொத்தப் பங்களிப்பு 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முதலாளி பங்கு மட்டும் 4.75-லிருந்து 3.25-க்கு இறங்கியது. வரம்பை உயர்த்த அந்தச் சலுகையே இடம் தருகிறது. அதுவும் முடியாது என்றால், வரம்பைத் தாண்டியவர் விரும்பினால் முழுப் பங்களிப்பையும் தானே கட்டித் தொடர அனுமதியுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி இ.எஸ்.ஐ. சிகிச்சையைத் தொடர விதி இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் தகப்பனுக்கு மட்டும் அந்த வழி ஏன் அடைபட வேண்டும்?

வரம்பை உயர்த்த நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை, மத்திய அரசின் அறிவிப்பு போதும். 30,000 ரூபாய் என்ற தொழிற்சங்கங்களின் கோரிக்கையை மத்திய தொழிலாளர் அமைச்சகம் இனியும் தள்ளிப்போடக் கூடாது. திருச்சி நாடாளுமன்ற உறுப்பினர் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
கைலாசபுரம், திருச்சி – 14