பேரனுக்கு ஒரு பெயர்

ஆண்டின் முதல்நாள் இடாப்பை விரித்து மாணாக்கர் பெயர்களை வாசிப்பது ஆசிரியர்க்கு ஒரு சடங்குபோல. இருபது ஆண்டுகளாக அச்சடங்கைச் செய்து வருகிறேன். இவ்வாண்டு வாசிக்கும்போது என் நா பல இடங்களில் இடறியது. ஒரு மாணவனை எழுப்பி, "தம்பி, உன் பெயருக்குப் பொருள் யாது?" என்று வினவினேன். "பொருள் ஒன்றும் இல்லை, சேர். கேட்க நல்லாயிருக்கு எண்டு வைச்சவை" என்றான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வேன்.

சின்னாட்களின் பின் பழைய மாணாக்கர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். அவருக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. 31ஆம் நாள் துடக்குக் கழிவதற்குள் பெயர் வேண்டும். கையிலே ஒரு தாள் வைத்திருந்தார். அதிலே நான்கு நிபந்தனைகள்: சாத்திரியார் தந்த எழுத்தில் பெயர் தொடங்குதல் வேண்டும், எண்சாத்திரப்படி கூட்டுத்தொகை ஐந்து வருதல் வேண்டும், வெளிநாட்டிலுள்ள உறவினரின் பிள்ளைகளுக்கு எளிதாய் இருத்தல் வேண்டும், ஊரில் வேறெவர்க்கும் இல்லாத புதுப்பெயராய் இருத்தல் வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "எந்தக் காலத்திலும் பழசாகாத பெயர் ஒண்டு சொல்லுங்கோ, சேர்" என்றார்.

நான்காம் நிபந்தனையும் அவர் இறுதியிற் சொன்ன விருப்பமும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. இன்று எவர்க்கும் இல்லாத பெயர் நாளை எவர்க்கும் வேண்டாத பெயராதல் கூடும். பழசாகாத பெயர் என்பது யாது? பல தலைமுறை வாய்களிற் புழங்கியும் தேயாது நிற்கும் பெயரே அது. அதனைத் தேடுவோர் முதலில் தம் வீட்டுக்குள்ளே தேடுதல் நன்று.

'பேரன்' என்னும் சொல்லைப் பாருங்கள். 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தமிழகத்தார் மகனின் மகனைப் பேரன் என்பர். யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கிலோ பாட்டனையே பேரன் என்றும் பாட்டியைப் பேத்தி என்றும் அழைப்போம். ஒரே சொல் முதியவரையும் குறிக்கிறது, குழந்தையையும் குறிக்கிறது. ஒருவர் பெயரை மற்றவர் தாங்கும்போது இருவரும் ஒரே பெயரர் ஆகிவிடுகின்றனர் அன்றோ? பெயர் வைத்தல் குழந்தைக்கு மட்டும் செய்யும் சடங்கு அன்று என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்தி நிற்கிறது.

தந்தை பெயரை மகன் பெயர்க்கு முன் வைக்கும் வழக்கமும் பள்ளிக்கூட இடாப்புக்காக ஏற்பட்டதன்று. சாத்தன் மகன் கொற்றனைச் 'சாத்தங்கொற்றன்' என வழங்கினர் பண்டைத் தமிழர். அப்படி இரு பெயர்கள் சேரும்போது நேரும் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் விதி கூறுகிறது. சங்கப் புலவருள் நம் நாட்டவராகப் போற்றப்படும் ஈழத்துப் பூதன்தேவனார் பெயரையும் பூதன் மகன் தேவன் என்றே அறிஞர் பலர் பொருள் கொள்வர். இன்று நம் பெயரின் தலைப்பில் நிற்கும் ஒற்றை எழுத்து அந்த நீண்ட மரபின் எச்சமேயாகும்.

நம் பாட்டன்மாரின் பெயர்களைச் சிலர் 'பழம்பெயர்' என்று எள்ளுகின்றனர். அவற்றை ஒருமுறை பொருளறிந்து சொல்லிப் பார்த்தல் வேண்டும். பொன்னம்பலம், கனகசபை, சபாபதி என்பன தில்லையைக் காட்டுவன. அருணாசலம் திருவண்ணாமலை, இராமநாதன் இராமேச்சுரம், சோமசுந்தரம் மதுரை, தியாகராசா திருவாரூர், ஏகாம்பரம் காஞ்சி. கோணேசன் என்றால் நம் திருக்கோணமலை. கதிர்காமர் என்றால் கதிர்காமம். கடல் கடந்து அத்தலங்களைக் காண இயலாதோரும் தம் வீட்டு முற்றத்தில் நின்று அவற்றின் பெயரை நாடோறும் பத்து முறை அழைத்தனர். பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவதே ஒரு தலவழிபாடு ஆயிற்று.

பொன்னம்பல முதலியாரின் மைந்தர் இருவரை எண்ணிப் பாருங்கள். 1851இல் பிறந்தவர் இராமநாதன். 1853இல் பிறந்தவர் அருணாசலம். தந்தை பெயரில் தில்லை, மைந்தர் பெயர்களில் இராமேச்சுரமும் அண்ணாமலையும். இருவரும் ஆங்கிலக் கல்வியிலும் அரசியலிலும் உயர்ந்து, பிரித்தானியர் அளித்த 'சேர்' பட்டமும் பெற்றவர்கள். அப்பட்டம் பெயருக்கு முன்னே வந்து நின்றதேயன்றிப் பெயரை மாற்றவில்லை. நீண்ட தமிழ்ப்பெயர் அவர்தம் முன்னேற்றத்துக்கு எங்கும் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை.

"அப்படியாயின் சாத்திரத்தைத் தள்ளிவிடுவதா?" என்று மாணாக்கர் கேட்டார். தள்ளவேண்டியதில்லை, அதன் இடத்தை அறிந்து வைத்தல் வேண்டும். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் நான்கு, ஆக எழுத்து 108. இவ்வெழுத்துகள் வடமொழி ஒலிகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அத்த நட்சத்திரத்து மூன்றாம் பாதத்துக்கு உரிய எழுத்து 'ண'. அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட சொல்லே தமிழில் இல்லை. அப்பாதத்திற் பிறந்த பிள்ளைக்கு எப்பெயரை வைப்பது? சாத்திர எழுத்துக்குரிய பெயரைக் குழந்தையின் காதில் ஓதிவிட்டு, அழைப்பதற்கு வேறொரு நல்ல பெயரை வைத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் சாத்திரத்தையும் மதித்தார்கள், தமிழையும் காத்தார்கள்.

இனி என் குறையைச் சொல்லிவிடுகிறேன். 17 ஆண்டுகளுக்கு முன் எனக்கு மகன் பிறந்தபோது நானும் இத்தகைய தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். என் தந்தையாரின் பெயர் முருகப் பெருமானுடைய பழம்பெயர்களுள் ஒன்று. அது பேரப்பிள்ளைக்கு வரும் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும்; வாய்திறந்து கேட்கவில்லை. நானும் அவரிடம் ஒரு சொற் கேட்கவில்லை. எண்சாத்திரம் பார்ப்பவர் ஒருவர் எழுதித் தந்த பெயரையே வைத்தோம். நடுவிலே ஒரு 'க்ஷ'. பொருளோ எந்த அகராதியிலும் இல்லை. தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற நான் பதிவாளர் முன்னிலையில் அப்பெயருக்குக் கையொப்பம் இட்டேன். காலத்தோடு ஒத்துப் போகிறோம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

தந்தையார் என் மகனை எப்போதும் 'தம்பி' என்றே அழைத்தார். முற்றத்தில் விளையாடும்போதும் தம்பி. பள்ளிக்கூட வாசலில் நூறு பிள்ளைகளுக்கு நடுவே நின்று அழைக்கும்போதும் தம்பி. அன்பினால் அழைக்கிறார் என்று நான் கருதியிருந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் இறுதி நோயிற் கிடந்தபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர் பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டார். தந்தையார் இருமுறை முயன்றார். அச்சொல் அவர் வாயில் உருவாகவில்லை. பின்பு என்னைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளையின்ரை பேரை நீயே சொல்லு, ராசா" என்றார். அவர் குரலிலே குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. 14 ஆண்டுகள் அவர் அப்பெயரைச் சொல்லாதிருந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இதனை நான் மாணாக்கர்க்குச் சொல்லவில்லை. "உம்முடைய ஐயாவின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னார். அதுவும் முருகன் பெயரே. "அது சரியான பழைய பெயர், சேர்" என்றார். அவர் தயக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பாட்டன் பெயரை எழுத்து மாறாமல் வைத்தல் வேண்டும் என்பதில்லை. அதன் பொருளை வைத்தாலும் போதும். 1822இல் நல்லூரிற் பிறந்த நாவலர் பெருமானின் தந்தையார் பெயர் கந்தப்பிள்ளை. மகனுக்கு இட்ட பெயர் ஆறுமுகம். பெயர் வேறு, பெருமான் ஒருவனே. 1892இல் காரைதீவிற் பிறந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனவருக்குப் பெற்றோர் இட்ட மயில்வாகனன் என்பதும் அவ்வேலவன் பெயரே. ஆகவே குமரன், வேலன், சேந்தன், கதிர்வேலன், முருகன் என்னும் ஐந்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சிறியன, எந்த நாட்டவர் வாயிலும் நுழைவன, குழந்தைக்கும் பொருந்துவன, எண்பது வயதுக்கும் பொருந்துவன. "இதனைக் கொண்டுபோய் உம் ஐயாவிடம் கொடும். அவர் தெரிந்து சொல்வதை வையும்" என்றேன்.

துடக்குக் கழிந்த மறுநாள் கற்கண்டோடு வந்தார். பாட்டனாரே பேரனை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொன்னாராம். "மூண்டாந்தரம் ஐயாவுக்குக் குரல் வரேல்லை, சேர்" என்றார். எந்தப் பெயரைத் தெரிந்தார் என்பது அவர்கள் வீட்டுக்கு உரியது, இங்கே எழுதேன்.

என் மகனின் பெயரை இனி மாற்றுவதற்கில்லை; மாற்றவும் வேண்டியதில்லை. அதுவும் அவன் பெயரே. வகுப்பில் நான் எழுப்பிய மாணவனைப் போல, அவனும் தன் வாழ்வினால் அதற்கு ஒரு பொருள் தேடிக்கொள்வான். ஆயினும் இன்று தொட்டிலருகே தாளும் பேனாவுமாக இருக்கும் இளம் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பதிவாளரிடம் போகுமுன், தெரிந்த பெயரை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவரைப் படலையடியில் நின்று அப்பெயரை உரக்க அழைக்கச் சொல்லுங்கள். பெயர் தடையின்றி அவர் வாயில் வந்து தொட்டில்வரை கேட்குமாயின், அதனையே வையுங்கள்.