சாமான் காசு மட்டும் போதுமா?

சென்ற மாதம் பலாபத்வலயில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று நாட்களாக ஒரு யானைக்குட்டி காய்ந்துகொண்டிருந்தது. தாத்தாவின் மகளுக்கு 4 வயது நிறைவதற்காகச் சீனியில் செய்த யானை அது. தினமும் காலையில் "சாச்சி, யானை எழும்பிட்டா?" என்று கேட்டுக்கொண்டு அவள் ஓடி வருவாள்.

கேக் செய்தவர் தாத்தா. நான் எடுபிடி. கைபேசியில் பார்க்கும்போது ஃபொண்டன்ட் கேக் இலகுவான வேலையாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பிறகே உண்மை விளங்கியது.

ஒரு கிலோ ஐசிங் சீனியை அரிக்க வேண்டும். ஜெலட்டினை ஊறவைத்துக் கரைத்து, குளுக்கோஸ் பாகும் கிளிசரினும் சேர்த்து, சீனியில் ஊற்றி ரொட்டி மாவைப் போலப் பிசைய வேண்டும். ஜெலட்டின் மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது, பன்றியிலிருந்தும் எடுப்பார்கள். எனவே ஹலால் முத்திரை உள்ள பக்கற்றைத் தேடித் தாத்தா மாத்தளை டவுனில் மூன்று கடைகள் ஏறி இறங்கினார். கேக்கின் மேல் பட்டர் ஐசிங் பூசி மட்டப்படுத்தாவிட்டால், விரிக்கும் சீனித்தாளில் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். தாள் மெல்லியதானால் கிழியும். காற்றில் விட்டால் வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் வியர்த்து ஒட்டும். எங்கள் முதல் தாள் மூலையில் கிழிந்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் சுருட்டி மீண்டும் பிசைந்தார். யானையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன்: 11 மணித்தியாலம்.

அன்று வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் கேக்கைப் பார்த்து மகிழ்ந்து, "என்ட மகனுக்கும் அடுத்த மாசம் இப்படி ஒன்று செஞ்சு தாங்க மகள். சாமான் காசு தாறன்" என்றார். தாத்தா சிரித்துக்கொண்டே "சரி மாமி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தைக்கக் கொடுத்துவிட்டு நூல் காசு மட்டும் தருகிறோமா? மேசன் பாஸுக்குச் சீமெந்தின் விலையோடு கணக்கை முடிக்கிறோமா? வீட்டுக்குள் பெண் செய்யும் வேலைக்கு மட்டும் ஏன் கூலி மறந்துபோகிறது? 2020 ஊரடங்கு நாட்களில்தான் தாத்தா கேக் விற்கத் தொடங்கினார். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, மின்சாரம் வரும் நேரம் பார்த்து அவனைப் போட்டார். அந்த வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்வது நியாயமல்ல.

"உறவுக்குள் காசு பார்ப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். உறவுக்காக இலவசமாகச் செய்யலாம்தான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கேக் செய்பவர், கேட்பவரல்ல.

வசதி குறைந்த பெற்றோர் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வியே. சிறு பிள்ளைக்கு முழுக் கேக்கையும் ஃபொண்டன்டால் மூட வேண்டியதில்லை. சாதாரண பட்டர் கேக்கின் மேல் ஒரு யானை போதும். பீட்ரூட் சாற்றில் இளஞ்சிவப்பு வரும். நம் மாத்தளையில் விளையும் கொக்கோவில் கபில நிறம் வரும். எங்கள் மகள் வெள்ளைத் தாளை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருந்த கேக்கைத்தான் தின்றாள்.

செய்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்றிரவு தாத்தாவின் கொப்பியில் முட்டை, பட்டர், சீனி என்ற வரிசைக்குக் கீழே "வேலை: 11 மணித்தியாலம்" என்று நான் எழுதி, ஒரு தொகையும் போட்டேன். தாத்தா அதை வெட்டப் போனார், நான் விடவில்லை.

மறுநாள் மாமி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "இவ்வளவு நேரமா மகள்?" என்று கேட்டார். பிறகு, "அப்படியென்டா சின்னதா ஒன்று செய்ங்க. காச முழுசாத் தாறன்" என்றார்.