தலையில் பட்ட அடியும் தலையெழுத்தும்

சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்த ஒரு கொத்தனாரை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், காயம் ஆறிற்று, கை கால்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஆறு மாதமாய் அவர் மூலையை விட்டு எழுந்திருப்பதில்லை. சோறு வேண்டியதில்லை, தூக்கமில்லை, பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் பதிலில்லை. "நான் எதற்கு இருக்கிறேன்" என்கிறார். வீட்டார் கண்டுபிடித்த காரணம் என்னவென்றால், விழுந்த இடத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது என்பதாம்! பூசாரிக்குக் கோழி, சோதிடனுக்குத் தட்சணை, தாயத்துக்கு வேறு பணம். கூலி நின்றுபோன வீட்டில் கடன் மாத்திரம் வளர்ந்தது.

பேய்க்கு இத்தனை வேலை கொடுக்கிறீர்களே, மண்டைக்குள்ளிருக்கும் மூளைக்கு ஒரு வேலையும் கிடையாதா என்று கேட்கிறேன். அடி விழும்போது மூளை உள்ளே குலுங்குகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. ஸ்கேன் படத்தில் இது எப்போதும் தெரிவதில்லை. சந்தோஷமும் ஊக்கமும் அந்த மூளையின் காரியமே என்னும்போது, அது அடிபட்டால் இவை கெடுவதில் என்ன அதிசயம்? அதோடு தொழில் போன கவலையும் சேருகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் தலையடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 559 பேரை ஓராண்டு கவனித்து 2010-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 53 பேர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். அவர்களிலும் பாதிக்குக் குறைவான பேருக்கே அதற்கு வைத்தியம் கிடைத்தது. சியாட்டிலுக்கும் நம் சுடலைமாடன்தான் கப்பலேறிப் போய்ப் பிடித்தானா?

நிற்க, பேயை நம்பாத நம் தோழர்களிலும் சிலர், "காயந்தான் ஆறிவிட்டதே, இது சோம்பல், வேஷம்" என்கிறார்கள். பூசாரி வேப்பிலையால் அடிக்கிறான். இவர்கள் நாக்கால் அடிக்கிறார்கள். இதற்குப் பெயர் பகுத்தறிவா? நோயாளியை நோயாளி என்று ஒப்புக்கொள்ளாத விஷயத்தில் இருவரும் ஒரே கட்சிதான்.

அந்தக் கட்சி ஏர்வாடியில் செய்ததை மறந்துவிட்டோமா? தர்காவில் குணமாகும் என்று கொண்டுபோய் விடப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகையில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீப்பற்றி 28 பேர் செத்தார்கள். சங்கிலி போடுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அறவே தடுத்திருக்கிறது.

மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, பேசித் தேற்றும் வைத்தியமும் உண்டு. சிலருக்கு முதல் மருந்து பிடிக்காது, மாதக்கணக்கும் ஆகும். ஆனால் 'சாகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

கொத்தனாரை அழைத்துப் போக இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனேன். "வெள்ளிக்கிழமை கழிப்பு இருக்கிறது தம்பி, அது முடியட்டும்" என்றார் அவர் தாயார். சனிக்கிழமை மறுபடி போகிறேன்.